பில் இல்லாத முக்கோணம்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
19.11.2007, திங்கள்

மதிப்பிற்குரிய கலியமூர்த்தி சார் அவர்களுக்கு,

உங்களிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு படித்த வேம்பு எழுதுவது. பிரவுசிங் சென்டரில் உங்களுக்கு சிடி போட்டுத் தந்த வேம்பு என்றால் இன்னும் சீக்கிரம் புரியும். காரைக்காலில் நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். அந்தச் சுகம் கெட்டுவிடக் கூடாது என்றுதானே போன வியாழக்கிழமை பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்து அப்படிப் பேசிவிட்டுப் போனீர்கள்.

இங்கே விடாத மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். தங்கை மாலாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. எனக்கும் வேலை இல்லை, ஆனால் அதற்குக் காரணம் மழை இல்லை.

கோபத்தில்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த தைரியத்தில்தான் நீங்களும் பேசினீர்கள் என்று நினைக்கிறேன்.

பத்தாவது பாதியில் நான் நின்றுவிட்டபோது ஒரு டீச்சரும் வீடு தேடி வரவில்லை. எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்பெஞ்சில் சிரிப்பார்கள். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்புறம் போகவேயில்லை. என் பேரை அடித்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்களும் கேட்கவில்லை. அப்போது நான் அதற்குக் கோபப்படவில்லை. இப்போது அதற்கும் சேர்த்துக் கோபப்படுகிறேன்.

நான் வேலை பார்த்த கோபிநாத் அண்ணனுடைய பிரவுசிங் கடைக்கு நீங்கள் வர ஆரம்பித்தபோது என்னை அடையாளமே தெரியவில்லை உங்களுக்கு. 'பாப்பா, பிரின்ட் எடுக்கணும்' என்பீர்கள். பிறகு ஒருநாள் திடீரென்று நிமிர்ந்து பார்த்து, 'ஏய், நீ வேம்பு இல்ல? காம்பஸ் இல்லாமயே வட்டம் போடுவியே' என்றீர்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

எந்தெந்த ஊர் வாத்தியார்களோ தாங்கள் தயாரித்த பாடம், படம், பயிற்சித்தாள் எல்லாவற்றையும் மற்ற வாத்தியார்களுக்காக இன்டர்நெட்டில் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, 'இதப் பாரேன், இதுவும் ஃப்ரீயாம்' என்று பண்டம் கிடைத்த பிள்ளை மாதிரி குதிப்பீர்கள். அப்படிக் கிடைத்ததுதான் அந்த முக்கோண சாப்ட்வேர். புள்ளியைப் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் மூன்று கோணமும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டினால் மட்டும் மாறாது. அது பிரெஞ்சில் இருந்தது. பாரீஸில் இருக்கிற மகனோடு பேச வரும், பிரெஞ்சு தெரிந்த க்சாவியே ஐயாவைப் பிடித்து உட்கார வைத்து, அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னீர்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, 'யோவ், இது எழுதினவனும் உன்ன மாதிரி வாத்திதான்யா. க்ரத்துய்னு போட்டிருக்கான், காசு கிடையாது. எடுத்துக்கோ, உன் பாஷைக்கு மாத்திக்கோ, நாலு பேருக்குக் குடுங்கிறான். குடுக்கிறவனே குடுக்கிறான், அப்புறம் என்னத்துக்கு என்னப் புடிச்சி வச்சிருக்க? என் புள்ள அங்க காத்துனு இருக்கான்' என்றார். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். உங்கள் இரண்டு காதும் கேட்டன.

அதிலிருந்த வார்த்தைகளை எல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல நான் தமிழில் தட்டினேன். 'புள்ளியை நகர்த்துக' என்று சொன்னீர்கள். எட்டாவது பிள்ளைக்கு 'நகர்த்துக' எதுக்கு சார், 'பிடித்து இழு' என்று போடலாமே என்றேன். நான் உங்களை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. நீங்கள் சிரித்துக்கொண்டே மாற்றச் சொன்னீர்கள். முடித்து அந்த பிரெஞ்சு வாத்தியாருக்கு அனுப்பினோம். அவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார், நம் தமிழையும் தன் பக்கத்தில் சேர்த்தார். இன்றைக்கும் இருக்கிறது. இலங்கையிலோ மலேசியாவிலோ எந்த வாத்தியாரும் அதை எடுத்துப் பாடம் நடத்தலாம். நம் பள்ளிக்கூடத்தில் மட்டும் அது திருட்டுப் பொருள்.

அதைப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் போட நீங்கள் என்னை அழைத்துப்போன நாளை நினைத்தால்தான் இன்னும் பற்றி எரிகிறது. நான் ஓடிவந்த அதே கட்டடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள், அதில் என் தங்கை மாலாவும். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் வாயைத் திறக்காமல் பதிலைத் திரையில் தட்டிக் காட்டினேன். கொளஞ்சி என்ற பிள்ளை, 'சார், இந்த அக்கா ஊமையா?' என்று கேட்டுவிட்டாள். நீங்கள், 'அக்கா பேச ஆரம்பிச்சா நீங்கள்லாம் தாங்க மாட்டீங்க, ஒழுங்கா முக்கோணத்த இழு' என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஜூனில் மாற்றல் லிஸ்ட் வந்தது, நீங்கள் காரைக்கால் போனீர்கள். அது எல்லா வாத்தியாருக்கும் வருவதுதான், அதற்கு நான் குறை சொல்லவில்லை. நீங்கள் போனதும் ஹெச்.எம். ஜானகிராமன் ஐயா கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகுமாம். அப்புறம் திறந்தது ஆயுத பூஜைக்குத்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சாம்பிராணிப் புகையில் மாலா இருமிக்கொண்டே கும்பிட்டாளாம். 'அக்கா, கம்ப்யூட்டர கும்புட விட்டாங்க, தொட விடல' என்றாள்.

அடுத்து இன்ஸ்பெக்‌ஷன். வந்த ஆபீசர் பெட்டியைத் திறந்து பார்த்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் இல்லாத சாப்ட்வேர் எப்படி வந்தது, பில் எங்கே என்று கேட்டிருக்கிறார். பில் இல்லை, இலவசம் என்று ஒரு டீச்சர் சொன்னாராம். 'இலவசம்னா எந்த ஸ்கீம்மா? இலவச வேட்டி சேலைக்கே ஆர்டர் நம்பர் இருக்கு. இதுக்கு நம்பர் சொல்லு' என்றாராம். நம்பர் இல்லை, பில் இல்லை, ஆகவே திருட்டு. யாரோ ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்காகச் சும்மா கொடுக்கலாம் என்பது அவர் தலையில் ஏறவில்லை. அவரை நான் குறை சொல்வதாக இல்லை. அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை என்னையும் விசாரணைக்கு வரச்சொல்லி வராந்தாவில் நிற்க வைத்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. ஆபீசர் வருவதற்கு முன்னால் ஹெச்.எம். உங்களிடம் பேசியதும் எனக்குக் கேட்டது. 'கலியமூர்த்தி, புள்ளகுட்டிக்காரன்யா நீ. மெமோ வாங்கினு நிக்காத. எனக்குத் தெரியாது, கடைக்காரப் பொண்ணு போட்டுக் குடுத்துதுன்னு சொல்லிட்டுப் போயினே இரு. அது படிக்காத பொண்ணு, அத என்ன பண்ணப் போறாங்க?' நீங்கள் மறுத்துப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். பிறகு ஆபீசர் வந்தார், கேட்டார். 'சார், அந்தப் பொண்ணு குடுத்தது. ஃப்ரீன்னு சொல்லிச்சி, நம்பிட்டேன்' என்றீர்கள்.

நான் சொன்னேனா சார்? நானா உங்களிடம் வந்து ஃப்ரீ என்று சொன்னேன்?

என்னை உள்ளே கூப்பிட்டபோது நீங்கள் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தீர்கள். ஆபீசர் கேட்டதற்கு என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. பேசாமல் நின்றதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஒரு ஆளைக் கூட்டிவந்து எல்லாப் பெட்டியிலும் இருந்ததை அழித்துவிட்டார்கள். முக்கோணமும் இல்லை, தமிழும் இல்லை. மறுபடியும் பூட்டு.

கோபிநாத் அண்ணன் நல்லவர், ஆனால் போலீஸ் என்றால் உயிர் போய்விடும். கடையிலிருந்த காலி சிடியைக்கூட வீட்டு அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டார். 'கொஞ்ச நாள் வராத வேம்பு, ஆறட்டும்' என்றார். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால், 'புதுப்படம் ஏதாவது வச்சினுகிறியாடி?' என்று கேட்கிறார்கள். திருட்டு விசிடி விற்றுப் பிடிபட்டேன் என்று பேச்சு. சின்னப்பாப்பா அக்கா, 'தீபாவளி படம் இருந்தா குடுடி, பாத்துட்டு குடுத்துடறேன்' என்று நிஜமாகவே கேட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். திருட்டு சாப்ட்வேர் என்று தெரிந்தே காப்பி செய்து, விவரம் தெரியாத ஆசிரியரிடம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறது. போட்டால் அதோடு விட்டுவிடுவார்களாம். அம்மாவும் போட்டுவிடு என்கிறாள். 'பெரிய எடத்துல நமக்கு என்னடி பேச்சு? போட்டுட்டு வா, வேற வேலை பாக்கலாம்' என்று அழுகிறாள். நான் போட்டால் என் பேர் கெடுவது ஒன்று. அதைவிட, அந்த முக்கோணம் திருட்டுப் பொருள் என்று நானே எழுதிக்கொடுத்ததாக ஆகும். அப்புறம் எந்த வாத்தியாரும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதைத் தொட மாட்டார். மாலா வகுப்பு கறுப்புப் போர்டில் வரைந்த, அசையாத முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவளும் என்றாவது எழுந்து வந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவளுக்கும் என்னைப் போலத்தான், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

செவ்வாய் காலை. நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை. மாலா ஸ்கூலுக்குப் போய்விட்டாள். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. முடித்து இன்றைக்கே தபாலில் சேர்க்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் க்சாவியே ஐயா குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா பதறிப்போய் நாற்காலி தேடினாள். 'உங்க வாத்தியார் எங்க? அவன் நாக்க காரைக்கால்ல அடமானம் வச்சிட்டானா?' என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்கிறார். ஆனால் ஹெச்.எம். வெளியாட்களை உள்ளே விடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். விட்டாலும், ஒரு வயதானவரும் ஒரு கடைப் பெண்ணும் சொன்னால் அது பேச்சு. ஒரு வாத்தியார் சொன்னால்தான் எழுதிக்கொள்வார்கள். இங்கே அப்படித்தான் இருக்கிறது, அந்த வழக்கத்தை வைத்தது நான் இல்லை.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தைக்கு ஆஸ்துமா, உங்கள் வீட்டில் உடம்பு சரியில்லை, இந்த ஊருக்கே மாற்றல் திரும்ப வாங்க வேண்டும், மெமோ இருந்தால் கிடைக்காது. வீட்டுக் கஷ்டமெல்லாம் கடையில் உட்கார்ந்து நீங்களே சொன்னவைதான். பாவமாகத்தான் இருக்கிறது. பாவமாக இருப்பதால் கோபம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டேன்.

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் போட மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டாலும் போட மாட்டேன். ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். அப்போது எனக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை. மாலாவை முன்னால் உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு வாக்கியம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு வரலாம்.

காரைக்காலிலிருந்து விடிகாலை பஸ் பிடித்தால் பள்ளிக்கூடம் மணி அடிப்பதற்குள் வந்துவிடலாம் என்று கோபிநாத் அண்ணன் சொன்னார். ஒருநாள் லீவு போடுங்கள் சார். ஆபீசரோடு சண்டை போட வேண்டாம், ஹெச்.எம்.மை எதிர்த்துப் பேச வேண்டாம். 'அது இலவசம்தான், நான்தான் கண்டுபிடித்தேன், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தமிழில் மாற்றினோம்' என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் கணக்கு நடத்தும்போது பேசுவீர்களே, அந்தச் சத்தத்தில் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு மூச்சுத்திணறல் தேவலாமா? மழைக்காலம், ஈரத்தில் விடாதீர்கள். அவள் நன்றாகப் படித்து, எந்த வகுப்பிலும் எழுந்து நின்று தைரியமாகப் பேசட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

நான் வெள்ளிக்கிழமை காலையில் போய் நிற்பேன். நீங்கள் வரவில்லையென்றாலும் போய் நிற்பேன். ஆனால் வாருங்கள் சார்.

உங்கள் மாணவி,
வேம்பு