முன்வாசலால் வா, யசோ

துன், சுவிற்சர்லாந்து,
புதன்கிழமை

அன்பின் யசோவுக்கு,

நானும் சதீசனும் பிள்ளையும் உடம்பால் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றச் சுகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். "என்னடி, பொம்பிளை பார்க்க வந்த இடத்தில இருக்கிற மாதிரிக் கதைக்கிறாய்" என்று சிரித்தாய். சதீசன் பக்கத்தில் இருந்தார். வட்ஸ்அப்பில் எழுதினால் ரிஷானி படம் பார்க்கும் டப்லெட்டிலும் வந்து விழும். அதனால் கம்பஸ் காலத்து உன் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து முறையான கடிதமாகவே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறக் கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிடுமுன் இதை முழுதாக வாசித்துவிடு.

முதலில் பயண விஷயம். செப்டெம்பர் என்றாலும் காலையில் ஏரிப் பக்கம் குளிரும், காலுக்குத் தடித்த மேசு இரண்டு சோடி எடுத்து வா. முருங்கையிலை, கறிவேப்பிலை ஒன்றும் வேண்டாம், சூரிச்சில் பறித்துவிடுவார்கள். ரிஷானிக்கு என்ன வாங்குவது என்று கேட்டாய். அவளுக்கு மூன்று வயது, சூட்கேஸ்தான் பிடிக்கும். வெறும் பெட்டியைக் கொடுத்தாலே உள்ளே ஏறி இருந்துவிடுவாள்.

மாநாடு நடக்கும் ஹோட்டலின் படங்களை மகேஸ்வரன் அண்ணை உனக்கு அனுப்பியிருப்பார். ஒன்றியத்தின் தலைவர் அவர்தான், உன்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். இவ்வளவு காலமும் எங்கள் கிழக்கு மக்கள் ஒன்றியத்தின் கூட்டமெல்லாம் பாடசாலை உடற்பயிற்சி மண்டபங்களில்தான் நடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனாலும் முன்பு வந்தவர்களின் சப்பாத்து மணம் அங்கேயே நிற்கும். இந்த முறை கண்ணாடிச் சுவர், வெளியே ஏரி, ஏரிக்குப் பின்னால் மலை. செப்டெம்பர் சனிக்கிழமை அப்படியொரு மண்டபம் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்ததும் அண்ணை, "அம்மாள் எங்களுக்காகவே விட்டுவைச்சிருக்கிறா" என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மண்டபம் ஏன் வெறுமையாகக் கிடந்தது என்பதைத்தான் உனக்கு யாரும் எழுதவில்லை.

அந்த ஹோட்டலில் அறை துப்புரவு செய்த பெண்களை வசந்த காலத்தில் ஓர் ஏஜென்சிக்குக் கைமாற்றினார்கள். மணித்தியாலத்துக்கு என்றிருந்த சம்பளத்தை இனி அறைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்களாம். ஓர் அறையில் குடும்பமாகத் தங்கிக் குழந்தை வாந்தி எடுத்திருந்தாலும் ஓர் அறைதான். பெண்கள் மாட்டோம் என்றார்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தொழிற்சங்கம் பகிஷ்கரிப்பு அறிவித்தது. அந்த ஹோட்டலில் கலியாணம், கூட்டம் எதுவும் வைக்க வேண்டாம் என்று ஊரெல்லாம் துண்டுப்பிரசுரம். இங்குள்ள பாடகர் குழு ஒன்று இடத்தை மாற்றியது. தபால்காரர் சங்கம் மாற்றியது. அவர்கள் விட்டுப்போன சனிக்கிழமைதான் அம்மாள் எங்களுக்குத் தந்தது.

அந்தப் பெண்கள் சனிக்கிழமைகளில் ஹோட்டலுக்கு முன்னால் வீதியோரம் பதாகையோடும் கோப்பிப் போத்தலோடும் நிற்கிறார்கள். போர்த்துக்கீசக்காரர், எரித்திரியர், எங்கள் ஆட்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் சிவமலர் அக்கா.

சிவமலர் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம். நான் ஜெர்மன் வகுப்புக்குப் போன காலமெல்லாம் ரிஷானியை வைத்துப் பார்த்தவர். என் பிள்ளை முதலில் நடந்தது அவருடைய வீட்டுக் கம்பளத்தில். "மலர்மா" என்றுதான் கூப்பிடுவாள். போன சனிக்கிழமை பஸ் ஹோட்டலடியில் நின்றபோது ரிஷானி கண்ணாடியில் கையை வைத்துத் தட்டி "மலர்மா, மலர்மா" என்று கத்தினாள். அக்கா பதாகையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு எங்களைத் தேடினார். நான் பிள்ளையின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். பஸ் வெளிக்கிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் மூச்சுத் திணறித் தள்ளியபோதுதான் எடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். சதீசன் அதே ஹோட்டலின் குசினியில்தான் சமையல் வேலை செய்கிறார். அவருடைய ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. இந்த வருடம் நிரந்தரமாக்கலாம் என்று ஷெஃப், அதாவது மனேஜர், சொல்லியிருக்கிறார். நிரந்தர வேலை இருந்தால்தான் இங்கேயே நிலையாக இருப்பதற்கான சி பெர்மிட் விண்ணப்பத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் இப்போதைய பெர்மிட்டைப் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் தபால்பெட்டிச் சாவியை நானும் அவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டிருப்போம். மண்டபத்தை ஒன்றியத்துக்கு எடுத்துக் கொடுத்தவரும் சதீசன்தான். ஷெஃப் அவருடைய தோளில் தட்டி, மாநாடு நல்லபடி முடியட்டும், பிறகு உன் விஷயம் பேசுவோம் என்றாராம். அந்த 'பிறகு' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு இருக்கிறது.

சதீசனைப் பிழையாக நினைக்காதே. அவருக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு நாள் கேட்டேன், அக்காவைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று. "மது, நான் குசினிக்குள்ள நிக்கிறன். அவங்க வெளிய நிக்கிறாங்க. நடுவில இருக்கிற கண்ணாடிய நானா போட்டது?" என்றார். பிறகு அன்று சாப்பிடவில்லை.

இதோடு நின்றிருந்தால், பேசாமல் வந்து வரவேற்புரை வாசித்துவிட்டுப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். போன ஞாயிறு செயற்குழுக் கூட்டம். ஏஜென்சி போதிய ஆட்களை அனுப்பவில்லை, அதனால் லோசானிலிருந்தும் ஷாஃப்ஹவுசனிலிருந்தும் வந்து இரவு தங்குகிறவர்களுக்கு அறைகளைத் தயார் செய்ய முடியாது என்று ஷெஃப் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாநாடு தள்ளிப்போகும் என்று நினைத்தேன். மகேஸ்வரன் அண்ணை எழும்பினார். "இதென்ன எங்கட ஆக்களுக்குத் தெரியாத வேலையோ? கோயில் மண்டபத்தை ஆர் கழுவுறது? பந்தி ஆர் வைக்கிறது? எங்கட பொம்பிளையள் சேர்ந்தா ஒரு பின்னேரத்தில அந்த ஹோட்டலையே புதுசாக்கிப்போடுவினம்" என்றார். ஒருவர் தன் வீட்டுத் தூசு உறிஞ்சும் வக்கூமையும் கொண்டுவருவதாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. நானும் தட்டினேன், யசோ. அவ்வளவு பழக்கமான கைதட்டல் அது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அறைக்கு இவ்வளவு என்று குறைத்துக் கொடுத்ததற்காகத்தானே அவர்கள் வெளியே நிற்கிறார்கள். நாங்கள் சும்மா செய்து கொடுக்கப் போகிறோம், பட்டுச் சேலையை மாற்றிவிட்டு, சிரித்துச் சிரித்து. எங்களில் ஒருவருக்கும் இது பிழையாகத் தெரியவில்லை. கோயிலில் வாளி தூக்கினால் தொண்டு, ஹோட்டலிலும் அதே வாளி, அதே கை, பிறகென்ன என்று நினைத்துவிட்டோம். மேடையில் கட்டப்போகும் பதாகையில் இந்த வருடத் தலைப்பு 'உழைப்பால் உயர்ந்தோம்'. தையல் தொழிற்சாலைப் பெண்களுக்காக நீ செய்கிற வேலையைப் பார்த்துத்தான் உன்னைத் தெரிவு செய்தார்கள்.

அறைகளுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள். வந்த புதிதில் கொஞ்சக் காலம் அங்கே அறை செய்யப் போனவள் அல்லவா. பொருளியல் பட்டதாரி கட்டில் விரித்த கதையைக் கேட்டு நீ அழுதாய், நான் சிரித்தேன். நீ விளக்கேற்றிய கையோடு நாங்கள் மேலே போய்த் தொடங்க வேண்டும். உன்னுடைய கட்டிலையும் நான்தான் விரிக்க வேண்டும். அன்றைக்கு ரிஷானிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பிள்ளையின் தலையில் இல்லாத காய்ச்சலை ஏற்றப் பயமாக இருக்கிறது. சொன்னது பலித்துவிட்டால்?

இனி விளக்கின் கதை. ஒன்றியத்தின் குத்துவிளக்கு சிவமலர் அக்கா வீட்டில்தான் இருப்பது. எந்த நிகழ்வு என்றாலும் அவர்தான் மினுக்கி, திரி திரித்து, நிறைகுடமும் வைப்பார். அதைப் போய்க் கேட்க ஒருவருக்கும் முகம் இல்லை. "மதுஜா போனா குடுப்பா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டும்" என்று தீர்மானித்தார்கள். பிள்ளையையும் என்று சொன்னதைக் கவனி.

நேற்றுப் போனேன். அவர் எதுவுமே நடக்காதது போல் ரிஷானியைத் தூக்கி இடுப்பில் வைத்தார், பிளேன்டீ ஊற்றினார், சதீசனின் இருமல் எப்படி என்று கேட்டார். விளக்கு ஏற்கெனவே புளி போட்டு மினுக்கிக் கதவடியில் இருந்தது. ஒரு பையில் திரி, போத்தலில் எண்ணெய். நான் பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அவர்தான் தொடங்கினார். "விளக்கு ஒன்றியத்திட, நான் புடிச்சுவைக்க ஏலாதுகா" என்றார். பிறகு, "அறையெல்லாம் நீங்களே செய்யப் போறீங்களாம். எங்களோட நிக்கிற போர்த்துக்கீசக்காரி கேட்டா, அது உங்கட ஆக்களா எண்டு. நான் இல்ல எண்டிட்டன் புள்ள. கிழமைக்குக் கிழமை அந்த மனிசியோட ஒரு போத்தல்ல கோப்பி குடிக்கிறவள் நான். என்னப் பொய் சொல்ல வெச்சிட்டீங்க" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளிக்கிடும்போது விளக்கை என் கையில் தந்து, "பாரம், பாத்துத் தூக்கு. சனிக்கிழமை எங்களுக்கு முன்னாலதான் கொண்டு போகணும் நீ. நான் மறிக்க மாட்டன். ஆனா பாத்துக்கொண்டு நிப்பன்" என்றார். ரிஷானி வரமாட்டேன் என்று அவருடைய கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கையில் விளக்கு, மறு கையில் பிள்ளை, இரண்டையும் இழுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

இப்போது அது எங்கள் வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அக்கா சொன்னதை சதீசனிடம் சொன்னேன். விளக்கைத் தூக்கிப் பாரம் பார்த்தார். "நீ ஏன் முன்னால போகணும்? குசினிக் கதவால ஏத்திருவம். விடிய மரக்கறி லொறி வரும், அதோட ஒரு பெட்டியா" என்றார். போர்க்க என்று பழைய படுக்கை விரிப்பு ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறார். குசினிக் கதவுக்கு நான் போயிருக்கிறேன், யசோ. அங்கே குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும்.

உன்னையும் அப்படித்தான் கொண்டு போகப் போகிறார்கள். சூரிச்சிலிருந்து அண்ணையின் கார் உன்னை ஏற்றி, ஹோட்டலின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இறக்கி, லிஃப்டில் நேரே மண்டபத்துக்கு. பெண்கள் நிற்கும் வீதியை நீ காணவே மாட்டாய்.

'வராதே' என்று எழுதத் தொடங்கி அழித்தேன். நீ வராவிட்டாலும் மாநாடு நடக்கும். முதல் திரிக்கு அண்ணை தானே ஆயத்தமாக இருக்கிறார், புது வேட்டியும் வாங்கியாயிற்று. நான் எழும்பி ஒரு வார்த்தை சொன்னால் அது சதீசனின் மனிசி சொன்னது. அடுத்த நாளே ஷெஃபின் காதில் விழும். ஆனால் பிரதம விருந்தினர் ஒன்று கேட்டால் எங்கள் ஆட்கள் மறுக்க மாட்டார்கள். உனக்குத் தெரியும், விருந்தாளி உப்புக் காணாது என்றால் குசினியே கலங்குகிற கூட்டம் இது.

அதனால் கேட்கிறேன். துன் வந்து ஏரி தெரியத் தொடங்கியதும், காருக்குள் இருந்து கால் விறைத்துவிட்டது, கொஞ்சம் நடக்க வேண்டும் என்று சொல். முன்னால் வீதியில் இறங்கு. கறுப்புக் குளிர்ச்சட்டை, தலையில் மண்ணிறத் தொப்பி, நெற்றியில் பெரிய பொட்டு, அதுதான் சிவமலர் அக்கா. அவரோடு கதை. உனக்கு நான் ஒன்றும் சொல்லித் தரத் தேவையில்லை, இப்படி நிற்கிற பெண்களோடுதானே உன் வாழ்க்கை. பிறகு, விளக்கை இங்கே கொண்டு வாருங்கள், இங்கேயே ஏற்றுவோம் என்று ஒரு சொல் சொல். ஒரு சொல் போதும்.

அதற்குப் பிறகு அறைகள் என்ன ஆகும், அந்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சதீசனுக்கு இந்தக் கடிதம் தெரியாது. பெரிய பாரத்தை உன் தலையில் வைக்கிறேன் என்பது மட்டும் தெரியும். உனக்குச் சரியாகப் படாவிட்டால் லிஃப்டிலேயே ஏறி வா, நான் சிரித்துக்கொண்டு மாலை போடுவேன், உன் கட்டிலை நன்றாக விரித்தும் வைப்பேன். கோபிக்க மாட்டேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. வழிப்பயணத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாமாங்கப் பிள்ளையார் துணையிருக்கட்டும். சனிக்கிழமை காலை ரிஷானியோடு மண்டபக் கண்ணாடிக்குப் பக்கத்தில், வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விளக்கு எந்தக் கதவால் வந்தாலும், குசினிக்குள் விடாமல் என் காலடியிலேயே வைத்திருப்பேன். தீப்பெட்டி என் கைப்பையில் இருக்கும்.

உன்,
மதுஜா