கேம்ப்புக்குப் பின்னால் கீரைப்பாத்தி

ஜெபல் அலி
6 மே 2024

அன்பு மாப்பிள்ளை கார்மேகத்துக்கு,

ஜெயசீலன் எழுதுவது. நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தம்மாமில் புதுக் கம்பெனி எப்படி? பூவாயி தங்கச்சி ஊரில் சுகம்தானே?

நீ போன பிறகு, கேம்ப்புக்குப் பின்னால் நீ போட்டிருந்த கீரைப்பாத்தி காய்ந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஒரு தடவை, ஜூன் கடைசியில் ஒரு தடவை என்று பெரிய மேனேஜர் வருகிறாராம். "மறுபடியும் பச்சையா ஆக்கிக் காட்டுறவனுக்கு சைட் கிடையாது, கேம்ப் டியூட்டிதான். முன்னாடி போட்டது யாரு?" என்று கேம்ப் பாஸ் ராஜிக் பாய் கேட்டார். நான்தான் என்று வாயில் வந்துவிட்டது. உடனே என்னைச் சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

கோபப்படாதே மாப்பிள்ளை. போன கோடையில் சைட்டில் நான் சுருண்டு விழுந்தபோது தோளில் தூக்கிப் போனவன் நீ. இன்னொரு கோடையை இந்த உடம்பு தாங்காது.

நான் டவுனில் மெக்கானிக் கடையில் வளர்ந்தவன். விதை என்றால் என்னவென்றே தெரியாது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுது.

உன் மச்சான்
ஜெயசீலன்


தம்மாம்
11 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். எதற்குக் கோபம்? ரூமில் தீப்பிடித்த கரண்ட் அடுப்பு உன்னுடையது. "கார்மேகத்தோடது பாய்" என்று நீ சொன்னாய். என் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றினார்கள். அதெல்லாம் கலாஸ்.

பர் துபாய் போனால் அரைக்கீரை, வெண்டை விதை கிடைக்கும். வெயில் நன்றாக விழும் இடமாகப் பார். ஆள்காட்டி விரல் முழுசாக இறங்கும் ஆழத்துக்குக் குழி போட்டு, விதையைப் போட்டு மூடி, மேலே நன்றாக மிதித்துவிடு. அன்றைக்கே கை நிறைய யூரியா தூவு. உச்சி வெயிலில்தான் விதைக்குத் தாகம் எடுக்கும். அந்த நேரம் பார்த்து, டேங்க் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பாய்ச்சு. முளைக்கவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் ஊற்று.

வேறு யாரிடமும் கேட்காதே. ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கார்மேகம்


ஜெபல் அலி
9 ஜூன் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ எழுதியதை ஒரு வரி மாற்றாமல் செய்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை கொழகொழவென்று நாறுகிறது. மறுபடி விதை வாங்கிப் போட்டேன். அதுவும் போச்சு. மேனேஜர் முதல் தடவை வந்தபோது, "மண்ணுக்குள்ள இருக்கு சார்" என்று ராஜிக் பாய் எனக்காகச் சமாளித்தார். அடுத்த முறை அப்படிச் சொல்ல முடியாது என்கிறார்.

என் கைராசி அப்படியா? நான் எங்கே தப்புச் செய்தேன்? நீ ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். சீக்கிரம் எழுது மாப்பிள்ளை.

ஜெயசீலன்


தம்மாம்
14 ஜூன் 2024

ஜெயசீலனுக்கு,

முளைக்காது. முளைக்கக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன்.

ஊரில் மூன்று மாதம் இருந்தேன். பூவாயி தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "ஒம் புருசன் ரூமக் கொளுத்திட்டானாமே?" என்றார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். கடைசியில் ஒரு நாள் என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நெசமாவே நீங்க இல்லையில்ல?" என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வியை என் வீட்டுக்குள் அனுப்பியவன் நீ. அது போதாதென்று, நான் வளர்த்த கீரையையும் உன்னுடையது என்று சொல்லியிருக்கிறாய்.

அது எப்படி வளர்ந்தது என்று இப்போது தெரிந்துகொள். கீரை விதை கடுகைவிடச் சின்னது. மணலோடு கலந்து மேலாகத் தூவ வேண்டும். அதன்மேல் மண் ஒரு போர்வைபோல மூடினால் போதும், மிதிக்கக் கூடாது. வெண்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, விரல் நகம் மறையும் ஆழத்தில் போட வேண்டும். முளை தலை காட்டும் வரை மேலே வலை நிழல் வேண்டும். மதியம் டேங்க் தண்ணீர் கொதிக்கும், அது விதையை வேகவைத்துவிடும். ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்துவைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் காலையிலும் மாலையிலும் தெளிக்க வேண்டும். நாலு இலை விட்ட பிறகுதான் உரம், அதுவும் ஒரு சிட்டிகை. எல்லாவற்றுக்கும் மேல், இந்த ஊரில் அக்டோபர் பிறக்காமல் விதையே எடுக்கக் கூடாது.

இப்போது ஜூன். இதைத் தெரிந்துகொண்டு நீ ஒன்றும் செய்ய முடியாது என்பதால்தான் சொல்கிறேன். நடுவில் ஜூலையும் ஆகஸ்டும் இருக்கின்றன. அவற்றைச் சைட்டில் நின்று பார். தூக்கிப் போக நான் அங்கே இல்லை.

கார்மேகம்


ஜெபல் அலி
2 டிசம்பர் 2024

கார்மேகத்துக்கு,

நீ ஆசைப்பட்டது நடந்தது. வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு மேனேஜர் போனார். மறுநாளே எனக்குச் சைட். ஆகஸ்டில் காலை பத்து மணிக்கே விழுந்தேன். வேன் டிரைவர் ஒருவர் கைலாகு கொடுத்து ஏற்றினார். கிட்னி கெட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே படுத்துக்கொண்டு உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்தேன்.

அக்டோபரில் விதைத்தேன். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஐந்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. இப்போது மெஸ்ஸில் வாரம் இரண்டு நாள் கீரைக் கூட்டு. ராஜிக் பாய் என்னை நிரந்தரமாகக் கேம்ப் டியூட்டியில் போட்டுவிட்டார். இனி எந்தக் கோடையும் எனக்குச் சைட் இல்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். ஜூனில் மேனேஜர் வரும்போது, அடுப்பு என்னுடையது என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தேன். எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன்; அதைப் படம் பிடித்துப் பூவாயிக்கும் அனுப்புவதாக இருந்தேன். அவர் வருவதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. எழுதிய தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

ஆகவே உன் வீட்டில் அந்தக் கேள்வி இருந்துகொள்ளட்டும். நான் இனி எழுத மாட்டேன்.

ஜெயசீலன்