ஐந்தாவது ஃப்ரெட்டில் அணைந்த சத்தம்

என்னை இன்னும் சின்னப் பையன் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் என் மெர்சி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு இது இரண்டாவது மழைக்காலம். எஸ்டேட் லயத்தில் நம் வீட்டு வரிசைக்குப் புதுக் கூரை போட்டுவிட்டார்கள். அத்தான் இப்போது தானே மீன்குழம்பு வைக்கிறார், புளி மட்டும் தூக்கல். உன் மகள் ஜென்சி சித்தூர் காலேஜில் இரண்டாம் வருஷம்.

சொல்ல வந்தது வேறு. உன் பேஸ் கிட்டாரை ஜென்சி எடுத்துவிட்டாள். நீ இருந்தவரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். லீவுக்கு வந்தால் நம் சர்ச் பாடகர் குழுவோடு வாசிக்கிறாள். நான் அதே டிரம்ஸில்தான்.

ஓணம் லீவில் பயிற்சி நடந்தபோது, ஒரு சுரம் மட்டும் நீளாமல் பொத்தென்று நின்றது. மெல்லிய கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட், கழுத்தில் குறுக்கே பதித்த பட்டைகளில் ஐந்தாவது. மற்ற இடங்களில் நாலு எண்ணும்வரை நிற்கிற சத்தம் அங்கே ஒன்று எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். விரல் நுனி சிவந்துபோனது.

"கையில வலு இல்ல மாமா. நான் இதுக்கு லாயக்கில்ல" என்றாள்.

இதே சுரம், இதே இடம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு கிறிஸ்துமஸ் பயிற்சியில் அத்தனை பேர் முன்னால் குச்சியை வீசிவிட்டு உன்னிடம் கத்தினேன். "கொழுந்து கிள்ளுத கை இதுக்கு ஆவாதுக்கா, வேற யார்ட்டயாவது குடுத்துரு." நீ கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். அடுத்த வாரம் வந்தாய். சுரம் முழுசாக நின்றது. "பாத்தீங்களா, சத்தம் போட்டதும் சரியாயிட்டு" என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். நீ சிரித்தாய். நான் சொன்னதை ஒத்துக்கொண்டுதான் சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

மீனாட்சிபுரம் பக்கம் கிட்டார் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று ஜென்சி விசாரித்து வைத்திருந்தாள். லீவு முடிந்து அவளைக் காலேஜில் விடப் போனபோது கிட்டாரையும் கொண்டுபோனோம். உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி அதை மடியிலேயே வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தட்டிக் கேட்டார்.

"ஏனுங்க, இது கையோட கோளாறு இல்லீங்க. இந்த எடத்துல கம்பி ஆடறப்ப கழுத்து மரமும் சேந்து ஆடுது. சத்தத்த மரமே முழுங்கிக்குது. டெட் ஸ்பாட்டுன்னு சொல்லுவோம். நெறைய கிட்டார்ல இருக்கறதுதானுங்க."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழுத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். அடுத்த கம்பிக்கு அடியில், பத்தாவது ஃப்ரெட் மட்டும் குழியாகத் தேய்ந்திருந்தது.

"முன்னாடி வாசிச்சது யாருங்க? அதே சுரம் இங்கயும் கெடைக்கும். அந்த எடத்த ஒதுக்கிப்போட்டு, ஒவ்வொரு தடவையும் மேல ஏறி வந்து இங்க புடிச்சிருக்காங்க. பாட்டுக்கு நடுவுல அத்தன தூரம் கைய நவுத்தறது லேசு இல்லீங்க. நல்ல காது அவங்களுக்கு."

"எங்கம்மா" என்று ஜென்சிதான் சொன்னாள். நான் அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தேன்.

ஒரே வாரத்தில் நீயே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். காட்டு வேலைக்கும் அடுப்படிக்கும் நடுவில் எப்போது உட்கார்ந்து தேடினாய்? அத்தனை வருஷமும் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

மரம் ஆடுவதைக் குறைக்க, அவர் கிட்டாரின் தலையில் கனமான சின்னக் கவ்வி ஒன்றை மாட்டினார். சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் நீண்டது, முழுசாக இல்லை. "இவ்வளவுதானுங்க என்னால ஆகும்" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் ஜென்சியிடம் நான் கத்திய கதையைச் சொன்னேன். சித்தூர் வரும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாஸ்டல் வாசலில்தான் கேட்டாள்: "அத்தன பேரு முன்னால திட்டிட்டு, எங்கிட்ட மட்டும் தனியா சொன்னா போதுமா மாமா?"

போதாதுதான் அக்கா. அடுத்த பயிற்சியில், ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு இருந்தவர்களில் ஐந்து பேர்தான் இப்போது குழுவில் இருக்கிறார்கள். கீபோர்டு வாசிக்கிற ராஜம் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ எடம் மாத்திப் புடிச்சது எங்களுக்கு அப்பவே தெரியும்ல. அவதான், 'தம்பிட்ட சொல்லாதீங்க, பாவம், மொகம் சுருங்கிப்போவான்'னா."

அதற்குமேல் அன்று என்னால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை.

போன வாரம் பூஜா லீவுக்கு ஜென்சி வந்தாள். கவ்வியைக் கழற்றி வைத்துவிட்டு, உன்னைப் போலவே பத்தாவது ஃப்ரெட்டுக்கு ஏறிப் பார்த்தாள். முதல் தடவை தவறிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாவதும் தவறியது. மூன்றாவது தடவை பிடித்துவிட்டாள். சுரம் நின்று, மெதுவாக, தானாக அடங்கியது.

இனிமேல் யார் கையிலாவது சத்தம் நின்றுபோனால், என்ன ஆச்சு என்று கேட்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். உன் மகளிடம் நிச்சயம் கத்தமாட்டேன். நம்பு அக்கா.

உன் கூடப்பிறந்த தம்பி,
சாமுவேல்