காலையில் சாப்பிடாத கியூபர்கள்

14 மார்ச் 2006, செவ்வாய். ரூவி, மஸ்கட்.

மேனேஜர் சார் கியூபா போய்வந்த கதையைத் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதியிருக்கிறார். டைப் செய்வது நான். அங்கே முட்டைகூட ரேஷனில்தான் என்று முதல் பக்கத்தில் எழுதுகிறார். மூன்றாம் பக்கத்தில், ஒரு டாக்டர் வீட்டில் மூன்று நாள் காலையும் இவருக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தார்களாம். வீட்டார் யாரும் சாப்பிடவில்லையாம். "கியூபர்களுக்குக் காலையில் சாப்பிடும் பழக்கமே இல்லை" என்று முடிக்கிறார். மனிதர் எம்.பி.ஏ. படித்தவர்.

வாய் திறக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. "சார், அவங்க பங்கை உங்களுக்குக் கொடுத்திருப்பாங்க. அந்த வரியை எடுத்துடலாமா?"

"நீ ஹவானா போயிருக்கியாம்மா?"

"இல்லை சார்."

"நான் நேர்ல பார்த்தேன். பசிக்கலன்னு அவங்களே சொன்னாங்க. யல்லா, டைப் பண்ணு. பிரஸ்காரர் காத்துக்கிட்டு இருக்கார்."

டைப் செய்தேன். அச்சுக்கும் போய்விட்டது.

ஊரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாங்களும் "இப்பதான் சாப்பிட்டோம்" என்போம். அதைச் சாரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை புரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கெல்லாம் அடுக்களையில் ஒருவருக்கு மட்டும்தான் சாப்பாடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் வாய் வரவில்லை.