பெருக்காத மரத்தடி

அக்டோபர் 12

பிடிவாதக்காரருக்கு,

நல்லபடியாக அக்கா வீடு வந்து சேர்ந்தேன். "சருகுக்காகவாடி புருஷனை விட்டுட்டு வருவாங்க?" என்று அக்கா சிரிக்கிறாள். சருகுக்காக இல்லை. காட்டோரத்திலிருந்து விதை கொண்டுவந்து வருஷக்கணக்கில் நான் வளர்த்த காட்டுப்பூச் செடியைக் குப்பை என்றீர்கள். அது வலித்தது.

சலூனில் முடி பெருக்கும் கை வீட்டிலும் சும்மா இருக்காது. மரத்தடிச் சருகையெல்லாம் வாரி, கடைக்குப் பின்னால் கொட்டிவிடுவீர்கள். அந்தக் காட்டுப்பூவின் கிழங்குக்குச் சருகுதான் போர்வை. குளிர் முடிந்ததும், வேறெதுவும் பூக்காத நேரத்தில், தேனீக்களுக்கு முதல் சாப்பாடு அந்தப் பூதான். இந்த ஒரு தடவை பெருக்காதீர்கள்.

கோபக்காரி

நவம்பர் 20

கோபக்காரிக்கு,

பெருக்கவில்லை. சருகு கணுக்கால் வரை கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்கிறார். கை துறுதுறுக்கிறது. ஜன்னல் பக்கம் பார்க்காமல், நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுச் சாப்பிடுகிறேன்.

எப்போது வருகிறாய் என்று நீ எழுதவே இல்லை.

உன் பிடிவாதக்காரன்

ஜனவரி 8

சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு,

படித்துச் சிரித்தேன். ஆனால் மனசு இன்னும் ஆறவில்லை. அக்கா தன் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். மரத்தடியில் பூ வந்தால் வருகிறேன். வராவிட்டால் அக்கா சொல்வதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். பொய் மட்டும் எழுதாதீர்கள்.

கோபக்காரி

மார்ச் 15

கோபக்காரிக்கு,

மரத்தடியில் நாலைந்து இலைதான் வந்திருக்கிறது. பூ இல்லை. விதையையெல்லாம் சருகோடு நான் வாரிக்கொண்டு போனால் எங்கிருந்து வரும்?

இன்று காலை முடியைக் கொட்டக் கூடையோடு கடைக்குப் பின்னால் போனேன். எப்போதும் கதவோரத்திலிருந்தே பார்க்காமல் கொட்டுகிறவன், இன்று நின்று பார்த்தேன். என் குப்பைமேடு முழுக்க வெள்ளைப் பூ, அதில் தேனீக் கூட்டம். வருஷா வருஷம் நான் கொட்டிய சருகிலும் முடியிலும் வளர்ந்திருக்கிறது. பெயர்த்து மரத்தடியில் நட்டுவிட்டு உனக்கு எழுதலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நீ பொய் வேண்டாம் என்றாய். பூக்கிற நேரத்தில் பெயர்த்தால் கிழங்கும் தாங்காது.

இப்போது முடியைக் கொட்ட இடமில்லை. கூடை நிறைந்து கடைக்குள்ளேயே நிற்கிறது. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உன் பிடிவாதக்காரன்

மார்ச் 21

கூடைக்காரருக்கு,

அந்தக் கூடையை மரத்தடியில் கொட்டுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன். வீட்டுக்கு அப்புறம் போகலாம், கடையின் பின்கதவைத் திறந்து வையுங்கள்.

உங்கள் கோபக்காரி