அழாமல் தூங்கிய என் மகளுக்கு

என் செல்லமே மலர்க்கொடி,

பெயர் சூட்டுவதற்கு முன்பே நீ போய்விட்டாய். உன்னை நினைத்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்று நானாக வைத்துக்கொண்டது இது. உனக்கு ஒரு சேதி. தம்பி பிறந்திருக்கிறான். இப்போது எட்டு மாதம். மழை பிடித்துவிட்டது, உப்புக் குவியல்களுக்கெல்லாம் கீற்று வேய்ந்துவிட்டார்கள். வேலை இல்லாததால் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ பிறந்தது 2004 கோடையில். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. உன் அப்பா காலைக்கூடக் கழுவாமல் பாத்தியிலிருந்து ஓடி வந்தார். நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தாய். "இன்னாடி இது, மூணு மாசப் புள்ள மாதிரி இருக்குது" என்றாள் உன் அத்தை, அப்பாவின் அக்கா.

நீ அழவே இல்லை. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவாய். தொந்தரவில்லாத பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் உன் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆட்டோவிலேயே, என் மடியில் அடங்கிவிட்டாய்.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. தோஷம் என்றார்கள். என் பால் சேரவில்லை என்றார்கள். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உன் துணிகளை அத்தை எங்கோ எடுத்துப் போய்விட்டாள். உன் அப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்ததே இல்லையோ என்று எனக்கே சில நாள் சந்தேகமாக இருக்கும்.

தம்பியைப் புதுச்சேரியில்தான் பெறுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிரசவத்துக்கு உள்ளே போகும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத பாரு, அந்தப் புள்ள பேச்ச இங்க எடுக்காத. நல்ல நேரத்துல அது வேணாம்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அவனும் உன்னைப் போலவே பெரிதாகப் பிறந்தான். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் காலையில் பாலுக்கு எழுப்பினேன். இரண்டு வாய் குடித்தான், கண் சொருகிக்கொண்டது. அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள். அவளைப் பார்க்காமல் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், இவன் தூங்குறது எனக்கு பயமா இருக்குது. என் மொத பொண்ணும் இப்படித்தான் தூங்கிக்கினே இருந்தா. வீட்டுக்குப் போயி இழுப்பு வந்து செத்துட்டா."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் உடனே போய் டாக்டரை அழைத்துவந்தார். அவன் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவன் ரத்தத்தில் சர்க்கரை மிச்சமே இல்லை என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினால் ஏறும், குறைத்தால் உடனே இறங்கிவிடும்.

சில நாள் கழித்து டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். சர்க்கரை நோய்க்கு இது நேர் எதிராம். வயிறு காலியாக இருக்கும்போது நிற்க வேண்டிய இன்சுலின் இவன் உடம்பில் நிற்காமல் சுரக்கிறது. மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரை போவதில்லை. அதனால்தான் அந்தத் தூக்கம், அதனால்தான் இழுப்பு.

"சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அத்த மகன்."

"இந்தக் குறை ரெண்டு பேர்கிட்டயும் தெரியாம இருந்து புள்ளைக்கு வந்திருக்கலாம். இதுல யார் தப்பும் இல்லம்மா."

"மொத பொண்ணுக்கும் இதுதானா டாக்டர்?"

"இனிமே பாத்துச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது. நீங்க அவளப் பத்தி சொல்லலன்னா, நல்லா தூங்குற குழந்தைன்னு நாங்களும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருப்போம்."

உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

தம்பியைக் காப்பாற்றியது நீதான் என்று சொல்லலாமா? சொன்னால் உனக்கு அது என்ன ஆறுதல்? அதற்கு நீ போகத்தான் வேண்டியிருந்ததா? பாத்திக் கரையில் நடக்கும்போதெல்லாம் இதையேதான் யோசிக்கிறேன்.

இன்சுலினை அடக்கக் கொடுத்த மருந்து அவனுக்குக் கேட்கிறது. அந்த மருந்தால் நெற்றியிலும் முதுகிலும் புசுபுசுவென்று முடி வளர்ந்திருக்கிறது. கூட வேலை செய்யும் பெண்கள் கரடிக்குட்டி என்று கொஞ்சுகிறார்கள். நேரத்துக்குப் பால் கொடுக்க வேண்டும், அடிக்கடி விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். குத்தினால் ஊரே கேட்கிற மாதிரி அழுகிறான். அந்த அழுகையைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்துக்குக் கொண்டுபோனோம். "மொத புள்ளயா?" என்று நர்ஸ் கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பேசாமல் நின்றுவிடுவேன்.

"ரெண்டாவதுங்க" என்றார் உன் அப்பா. "பெரியவ பொறந்த கொஞ்ச நாள்லயே தவறிட்டா."

தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

தம்பிக்கு விவரம் தெரிகிற வயதில், பசியோடு இருக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லித்தருவேன். அதை இந்த வீடு யாரிடமிருந்து தெரிந்துகொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இனி யார் வேண்டாம் என்றாலும் உன் பேச்சை நிறுத்த மாட்டேன்.

உன்னையும் உன் தம்பியையும் பெற்றவள்,
அம்மா