உன் கூடத்துத் தரையை உடைக்கிறார்கள், மஸீனா

என் மஸீனா,

இன்று காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். உன் கூடத்துத் தரையை உடைக்கிறார்கள். வேறு யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

நீ போன பிறகு, உன் மகன் கட்டாரிலிருந்தபடியே வீட்டை விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். இனி மாத்தளைக்கு அவன் யாரைப் பார்க்க வரப்போகிறான்? வாங்கியவர்கள் இளம் தம்பதி. கணவன் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்கிறான். மனைவி பெயர் தர்ஷினி. தவழுகிற வயதில் ஒரு பெண் குழந்தை. நல்ல பிள்ளைகள்தான். குடிவந்த அன்றே எனக்குப் பலாக்காய்க் கறி கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்று வாசலில் நின்று, "ஆன்ட்டி, நாளைக்கு டைல்ஸ் மாத்துறோம். சத்தமா இருக்கும், கோவிச்சுக்காதீங்க" என்றாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்தத் தரை எப்படி வந்ததென்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதலில் உன் மகன் ஆசையாகப் போட்டுத் தந்தது, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தத்தில் உன் பாதங்கள் மரத்துப்போன பிறகு, சொந்த வீட்டிலேயே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாய். ஒரு மழைநாளில் விழுந்தாய். அந்தச் சத்தம் என் சமையலறை வரை கேட்டது. நான் பதறி ஓடிவந்தால், நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபடியே, "புவனா, அடுப்புல பால் ஈக்கி, மொதல்ல அத நிப்பாட்டு" என்கிறாய்!

எழுந்து நடக்க முடிந்ததும் இருவரும் டைல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் காட்டியதெல்லாம் பளபளப்பு. நீ செருப்பைக் கழற்றிவிட்டு, "தம்பி, இதுல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, நின்டு பாக்கணும்" என்றாய்.

"ஐயோ உம்மா, வழுக்கி விழுந்துடுவீங்க."

"விழுந்தா இது வேணாமெண்டு தெரிஞ்சிரும் தானே."

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி நின்றாய். எல்லாம் வழுக்கின. கடைசியில், மண் நிறத்தில் சொரசொரப்பான ஒன்று. அதில் நின்றதும் என் தோளை விட்டாய். "இது காலப் புடிக்குது புவனா" என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் கண் கலங்கியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அதைக் கூடத்தில் பதித்த பிறகு நீ சுவரைப் பிடிக்கவில்லை. அந்த நோன்புக்குக் கஞ்சியை நீயே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். அடுத்த நோன்புக்கு நீ இல்லை. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. உன் உடலைச் சுமந்த ஜனாஸா அந்தக் கூடத்திலிருந்துதான் போனது. வாசல் படலை வரைக்கும்தான் பெண்ணான என்னால் கூட வர முடிந்தது.

இன்று மனசு கேட்காமல் அங்கே போனேன். ஒரு மூலையையாவது அப்படியே விடும்மா என்று கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே தர்ஷினி குழந்தையின் முழங்கால்களைக் காட்டினாள். இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"பாருங்க ஆன்ட்டி, தவழ்ந்தாலே முட்டி உரிஞ்சிருது. பாவம், கீழ விடவே பயமா இருக்கு. அதான் வழவழன்னு போடுறோம்."

உன்னைத் தாங்கிய தரை இந்தச் சின்ன முழங்காலை உரித்திருக்கிறதே, மஸீனா. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "தூசு புள்ளைக்கு ஆகாது, எங்கிட்ட குடும்மா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் அது திடுக்கிட்டது. மார்போடு அணைத்துக் காதைப் பொத்தினேன். அப்படியே தூங்கிப்போனது. அதன் தலை நனையாமல் அழுவதுதான் கஷ்டமாக இருந்தது.

பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கூடத்தில் வெறும் சீமெந்துதான் இருந்தது. நீ எந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தாய் என்பதுகூட ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த மேசன் பாஸ், "அம்மா, ஒங்க வீட்டுத் தரை வழுக்குமாமே, மாத்திருவோமா?" என்று கேட்டார்.

நீயும் எத்தனை தடவை சொன்னாய். அப்போதெல்லாம் எனக்குப் பயமில்லை. விழுந்தால் சத்தம் கேட்டு நீ வருவாய் என்றிருந்தேன். இப்போது நான்தான் சுவரைப் பிடித்து நடக்கிறேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை வருகிறார். டைல்ஸ் எடுக்கத் தனியாகத்தான் போகவேண்டும். உன் மண் நிறத்தை எடுக்கமாட்டேன். அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. சாம்பல் நிறமோ, வேறெதுவோ, கால் நிற்கிறதாகப் பார்த்து எடுக்கிறேன். நான் விழமாட்டேன் மஸீனா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து,
உன் கூடப் பிறக்காத சகோதரி
புவனா